குளக்கரைத் தடயம்

பிராங்பர்ட்

அன்புள்ள சேகர்,

இங்கே மகள் வீட்டில் எல்லோரும் சுகம். அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது. "பச்சைப் பிள்ளை எங்கே என்று கேட்டு மிரட்டியதற்கா ஒரு போலீஸ் அதிகாரியைக் கூண்டில் ஏற்றினார்கள்? என்ன நாடு அது?" என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து வேறு எதிலும் மனம் செல்லவில்லை. விடுதி மேசையைத் தட்டித் தட்டி நீ வாதாடும் சத்தம் கடிதத்திலும் கேட்டது. வார்டன் இல்லாத தைரியத்தில் நானும் தட்டிப் பேசுகிறேன், கேள்.

2002 செப்டம்பர் இறுதியில் இந்த நகரத்து வங்கியாளர் ஒருவரின் பதினொரு வயது மகனைக் கடத்திய சட்ட மாணவன் மாக்னுஸ் கேஃப்கன், பத்து லட்சம் யூரோ பணயத்தொகையை எடுத்துச் சென்ற பிறகு பிடிபட்டான். பிள்ளை இருக்கும் இடத்தை மட்டும் சொல்ல மறுத்தான். அக்டோபர் 1 காலையில், துணைக் காவல் தலைவர் வொல்ஃப்காங் டாஷ்னரின் உத்தரவின் பேரில், கடும் வலியை அனுபவிக்க வேண்டியிருக்கும் என்று ஓர் அதிகாரி மிரட்டியதும் அவன் வாய் திறந்தான். காட்டிய குளக்கரையில் பிள்ளையின் உடல்தான் கிடைத்தது. பணம் கேட்ட கடிதத்தை வீட்டில் சேர்ப்பதற்கு முன்பே பிள்ளையை மூச்சை அடக்கிக் கொன்றுவிட்டிருந்தான்.

டாஷ்னர் எதையும் மறைக்கவில்லை என்பது என்னை இன்றும் உலுக்குகிறது. மருத்துவர் மேற்பார்வையில், காயம் ஏற்படாமல், முன்கூட்டியே எச்சரித்த பிறகு வலி கொடுக்கும்படி உத்தரவிட்டதாக அன்றே குறிப்பு எழுதிக் கோப்பில் சேர்த்தார். நல்ல மனிதர் ஒருவர், நல்ல நோக்கத்துடன், வலிக்கு ஒழுங்கான நடைமுறையே வகுத்துவிட்டார், சேகர். நாஜி ஆட்சியின் விசாரணை அறைகளைப் பார்த்துவிட்ட நாடு, 1950இல் தன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 136அ பிரிவைச் சேர்த்தது இதைத் தடுக்கத்தான். அடி, மயக்க மருந்து, வஞ்சகம், சட்டவிரோத மிரட்டல் ஆகியவற்றால் பெற்ற வாக்குமூலத்தை, குற்றம் சாட்டப்பட்டவரே சம்மதித்தாலும் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. நீ பயப்படுவதுபோல் டாஷ்னரை யாரும் சிறையில் தள்ளவில்லை. 2004 டிசம்பரில் எச்சரிக்கையும், நிறுத்திவைக்கப்பட்ட 10,800 யூரோ அபராதமும்தான். அதைக்கூட மிகுதி என்பாயா?

ஆனால் என் குறை வேறு. 2003 ஏப்ரலில் விசாரணை தொடங்கியபோது, மிரட்டலின் தாக்கம் தொடர்ந்தது என்று சொல்லி, அதுவரை கேஃப்கன் போலீசிடமும் பிறரிடமும் சொன்ன அனைத்தையும் மாநில நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. அந்த வாக்குமூலம் காட்டிக்கொடுத்த உடலையும் பிரேதப் பரிசோதனையையும் குளக்கரையில் பதிந்திருந்த கார் டயர்த் தடத்தையும் மட்டும் ஏற்றுக்கொண்டது. சொல்லின் பெரும்பகுதியைத் தள்ளிப் பொருளை வைத்துக்கொள்வது நமக்குப் புதிதல்ல. போலீசிடம் சொன்னதில் பொருளைக் கண்டெடுக்க உதவிய பகுதியை மட்டும் ஏற்கும், பழைய சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவை வைத்து, பொருளைக் கைப்பற்றியதாகப் போலீஸ் எழுதும் ரெக்கவரி மகஜர்கள் எத்தனையை நீ குறுக்கு விசாரணையில் கிழித்திருக்கிறாய்! மகஜர் சாட்சியிடம் அத்தனை கடுமை காட்டுகிறவன் டாஷ்னரிடம் மட்டும் ஏன் இளகுகிறாய்?

ஜெர்மன் நீதிபதிக்கு ஒரு சங்கடம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இங்கே இரு தரப்பும் கொண்டுவருவதை மட்டும் எடைபோட்டுவிட்டு அவர் எழுந்துபோக முடியாது. உண்மையைத் தாமாகவே தேடும் கடமையை இந்த நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 244ஆம் பிரிவு அவர் தலைமேல் வைத்திருக்கிறது. கையில் கிடைத்த தடத்தைக் கண்மூடித் தள்ள அவருக்கு மனம் வராது. ஆனால் என்ன விலை கொடுத்தும் உண்மையைக் கண்டறிய வேண்டும் என்பது இந்த நடைமுறையின் கோட்பாடு அல்ல என்று 1960இலேயே சொன்னதும் அவர்களுடைய உச்ச நீதிமன்றம்தானே.

கேஃப்கன் நீதிமன்றத்தில் மீண்டும் ஒப்புக்கொண்டான், ஆயுள் தண்டனை பெற்றான். வழக்கு ஸ்ட்ராஸ்பர்க் போனது. மிரட்டல் மனிதத்தன்மையற்ற நடத்தையே என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010 ஜூன் 1 அன்று தீர்ப்பளித்தது. எனினும் தண்டனைக்கு அடிப்படை நீதிமன்றத்தில் தந்த புதிய வாக்குமூலமே, தடயங்கள் அதைச் சரிபார்க்க மட்டுமே பயன்பட்டன, ஆகவே விசாரணை நியாயமானதே என்று பதினேழு பேரில் பதினொருவர் கூறினர். மற்ற ஆறு பேர் மறுத்தனர். நான் அந்த ஆறு பேர் பக்கம். உடலும் டயர்த் தடமும் உள்ளே வந்துவிட்டன என்று தெரிந்த பிறகு, அவன் தந்த வாக்குமூலத்தைச் சுதந்திரமானது என்று எப்படிச் சொல்வது? மௌனமாக இருந்து அவனுக்கு என்ன மிச்சமிருந்தது? பிள்ளையைக் கொன்றவன் தப்பிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பணத்தை எடுத்தபோதே போலீஸ் அவனைக் கண்காணித்திருக்கிறது. மிரட்டலில் பிறக்காத சான்றுகளை வைத்தே வழக்கை நடத்தியிருக்க வேண்டும் என்கிறேன். அதனால் ஆயுள் தண்டனை குறைந்திருந்தாலும் சரிதான். இதை எழுதும்போது எனக்கும் அந்தப் பெற்றோரின் முகம் நினைவில் வருகிறது. அதற்காக என் கருத்தை மாற்றிக்கொள்ள முடியவில்லை.

இப்போது நீ சொல். அவன் நீதிமன்றத்தில் வாயே திறக்காமல் இருந்திருந்தால், அந்த டயர்த் தடத்தை நீ சான்றாக ஏற்பாயா? போனில் சிரித்து மழுப்பாதே, கடிதத்திலேயே எழுது. தங்கவேலு சாரிடமும் கேள். அவர் வழக்கம்போல் இரண்டு பக்கமும் பேசினால் இரண்டையும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
ரவி