டைரி எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1, 2ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது. நல்லதுதான். என் கவலை அதற்கு மேலே படிக்கும் பிள்ளைகளைப் பற்றியது. ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகன் வீட்டுக்கு வந்ததும், “அம்மா, வாட்ஸ்அப்ல என்ன போட்டிருக்காங்க?” என்றுதான் கேட்பான். வகுப்பில் உட்கார்ந்திருந்தவன் அவன். வீட்டுப்பாடம் என்னவென்று தெரிந்தவள் நான்! வீட்டுப்பாடத்தைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது கொரோனா காலத்தில் வேறு வழியில்லாமல் தொடங்கிய வழக்கம்; இன்னும் விட்டபாடில்லை.

இப்போது தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அவனே குறித்துக்கொண்டு வருகிறான். முடித்ததை அடித்துவிட்டு, டைம்டேபிள் பார்த்துப் பையை இரவே அடுக்குகிறான். முதல் வாரம் கணக்கு நோட்டை மறந்தான். கொண்டுபோய்க் கொடுக்கக் கை பரபரத்தது; போகவில்லை. அப்புறம் அந்த நோட்டு வீட்டில் தங்கியதில்லை. (ஜியாமெட்ரி பாக்ஸ் மட்டும் இன்னும் சோபாவுக்கு அடியில்தான்.)

வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, பிள்ளைகள் டைரியில் குறித்துக்கொள்ளக் கடைசி பீரியடில் ஐந்து நிமிடம் கொடுக்கலாமே. பெற்றோர் குழுவுக்கு விடுமுறை அறிவிப்பு மட்டும் வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு தாய், மதுரை.