படுவான்கரைப் பாடசாலைகளுக்குப் போகும் மகளுக்கு

மட்டக்களப்பு

அன்புள்ள மகளுக்கு,

கொழும்பில் பயிற்சியை முடித்து, உதவிக் கல்விப் பணிப்பாளராக, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பாடசாலைகளுக்கு வரப்போகிறாய் என்ற செய்தி அம்மாவுக்கும் எனக்கும் எவ்வளவு மகிழ்ச்சி தந்தது என்பது உனக்குத் தெரியும். அந்தப் பாடசாலைகளில் அதிபராக இருந்தவன் என்ற முறையில் ஒரு விடயத்தை உனக்கு எழுத விரும்புகிறேன்.

பாடசாலைகளை முன்னேற்றுவதற்கென்று வந்த பல திட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். கட்டடமும் கணினி அறையும் புதிய பாடத்திட்டமும் வேண்டியவைதான். ஆனால் ஆசிரியரையும் பெற்றோரையும் மதித்துக் கேட்காமல் கொண்டுவரப்பட்டவை கோப்புகளில் நிறைவேறினவே தவிர, வகுப்பறைக்குள் போய்ச் சேரவில்லை. ஒக்டோபர் 6 ஆம் திகதி ஆசிரியர் தினத்தில் போடும் மாலையை நான் மதிப்பு என்று சொல்லவில்லை. ஒருவருடைய வேலையைப் பற்றி முடிவெடுக்குமுன் அவரிடம் கேட்பதையே சொல்கிறேன். யுனெஸ்கோவும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 1966 இல் வெளியிட்ட ஆசிரியர் அந்தஸ்து பற்றிய பரிந்துரையும், கல்விக் கொள்கையை வகுக்கும்போது ஆசிரியர் அமைப்புகளோடும் பெற்றோரோடும் நெருங்கிச் செயற்பட வேண்டும் என்றே கூறுகிறது.

ஒருமுறை மேற்பார்வைக்கு வந்த குழுவினர், பாடக்குறிப்பு ஏன் முழுமையாக இல்லை என்று ஓர் இளம் ஆசிரியையைப் பிள்ளைகளுக்கு முன்னால் வைத்தே கேட்டார்கள். அதன்பின் அவருடைய குறிப்புப் புத்தகத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஆனால் பிள்ளைகளை மரத்தடிக்கு அழைத்துச் சென்று கணக்குச் சொல்லிக்கொடுத்த அந்தத் துணிவு அவரிடம் மீண்டும் வரவேயில்லை. மதிப்பது என்றால் கண்டிக்காமல் விடுவதல்ல. திங்கட்கிழமை பிந்தி வந்து வெள்ளிக்கிழமை முந்திப் போகும் ஆசிரியரை நீ கேட்கத்தான் வேண்டும். அதை அதிபரின் அறைக்குள் வைத்து, அவருடைய காரணத்தையும் கேட்டபின் சொல். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படும்வரை வாவியைப் படகுப் பாதையில் கடந்து, நேரத்துக்கு வந்து கற்பித்தவர்களும் அந்தப் பாடசாலைகளில் இருந்தார்கள் என்பதை நினைவில் வை.

பெற்றோர் விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருக்க, தகப்பன் பெரும்போக வெட்டுக்காக வயல் வாடியில் தங்கியிருக்க, பெற்றோர் கூட்டத்துக்கு அம்மம்மா வருவார். அவரைப் பின்வாங்கில் இருத்தி, பேரன் படிக்கிறானில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னால், அடுத்த கூட்டத்துக்கு அவர் வரமாட்டார். பிறகு அறிக்கையில் ‘பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதுவார்கள். அந்தப் பிள்ளையைக் காலையில் எழுப்புவது யார், மாடு பார்க்கப் போகிறானா, இரவில் எங்கே இருந்து படிக்கிறான் என்பதெல்லாம் அந்த அம்மம்மாவுக்குத்தான் தெரியும். அவரிடம் கேட்காமல் வரவு குறைந்ததற்கு நீ எந்தத் தீர்வையும் காண முடியாது.

பிழை செய்த ஆசிரியரைத் தண்டனையாகக் கஷ்டப் பிரதேசத்துக்கு மாற்றும் வழக்கம் எனக்கு எப்போதும் மிகுந்த மனவேதனையைத் தந்திருக்கிறது. நல்ல ஆசிரியர் தேவைப்படும் பிள்ளைகளிடம் வேண்டாதவரை அனுப்புவது அந்த ஊர் முழுவதையும் அவமதிப்பதாகும். பிள்ளைகளும் அதை விளங்கிக்கொள்வார்கள். காரைதீவில் 1892 இல் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்று, பின்னர் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கிய சுவாமி விபுலாநந்தர், 1929 இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கியது இந்த மண்ணின் பிள்ளைகளுக்காகவே. 1945 இல் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோது கட்டணம் நீங்கியது. கட்டணம் கேட்காத அந்தப் பாடசாலையில் ஏழைத் தாயை எப்படி வரவேற்கிறோம் என்பது உன்னைப் போன்ற அதிகாரிகளின் கையில்தான் இருக்கிறது.

முதல் மாதம் எந்தப் பாடசாலைக்குப் போனாலும், பாடசாலையின் பதிவேடான லொக் புத்தகத்தில் எழுதப்போவதை முதலில் அதிபருக்கு வாசித்துக் காட்டு. அவர் மறுத்துச் சொல்வது ஏதும் இருந்தால், அதையும் அதே பக்கத்தில் அவர் கையாலேயே எழுதவிட்டு, அதற்குக் கீழே உன் கையொப்பத்தை இடு.

அன்புடன்,
அப்பா