செயலாளரின் ஆண்டறிக்கை: மலையிலிருந்து மான் இறக்கும் பணி

தலைவர் அவர்களே, வனத்துறை அலுவலர்களே, ஜவ்வாது மலை ஊர்களிலிருந்து இறங்கி வந்திருக்கும் பெரியவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், நான் அதற்குள் போகவில்லை. எனக்குக் கொடுத்த நேரத்தை, அடிபட்ட மானை மலையிலிருந்து மீட்டு இறக்கும் வேலையைப் பற்றிப் பேசவே வைத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு நாம் அதிகம் கற்றுக்கொண்டதும், மனம் நொந்ததும் அதில்தான்.

கோடையில் அமிர்திக் காட்டுச் சுனைகள் வற்றியதும் புள்ளிமான்கள் தண்ணீர் தேடிக் கணியம்பாடி, அணைக்கட்டுப் பக்கத்து நிலங்களுக்கு வருகின்றன. நாய் துரத்துகிறது, சுற்றுச்சுவர் இல்லாத மொட்டைக் கிணறு விழுங்குகிறது, சாலையில் வண்டி அடிக்கிறது. அடிபட்ட மான் பல நேரம் மறுபடி மேட்டைப் பார்த்து ஓடுகிறது. அதனால் நாம் போய்ச் சேரும்போது அது பாறையிடுக்கிலோ கானாற்றுப் பள்ளத்திலோ கிடக்கிறது. வண்டி அங்கே போகாது, நம் தோள்தான் போக வேண்டும்.

சித்திரையில் அப்படி ஒரு பெட்டை மான். நான்கு காலையும் சேர்த்துக் கட்டி, மூங்கிலில் மாட்டி, ஒரு மணி நேரத்தில் இறக்கிவிட்டோம். வேகமாக முடித்தோம் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது. கீழே வந்தபோது மூச்சு இருந்தது. அன்று இரவே இறந்துவிட்டது. கால்நடை மருத்துவர் சொன்ன காரணத்தை அப்படியே பதிவு செய்கிறேன். பயத்தில் திமிறத் திமிற மானின் தசைகள் உள்ளுக்குள்ளேயே சிதைகின்றன. அதன் நஞ்சு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் கெடுக்கிறது. காயம் சிறியதாக இருந்தாலும், சில நாள் கழித்துக்கூட உயிர் போகும். தலைகீழாகத் தொங்கினால் இரைப்பையில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகும். அன்று கட்டச் சொன்னவன் நான். அந்தப் பொறுப்பு என்னுடையது.

அந்த வாரம் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன், வடஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்தபோது, வேட்டைக்கு வந்தவர்களுக்குச் சுமை இறக்கியவர் அவர். “மூங்கில்ல கட்டுறது செத்த மானுக்குப்பா. அங்கேயே குடலை எடுத்துடுவோம், கனம் கொறையும், கறியும் கெடாது. அதே கட்டை உசுருள்ள மானுக்குப் போட்டா எப்படித் தாங்கும்?” என்றார். சட்டம் வந்தபின் அந்த வேலையை அடியோடு விட்டவர் அவர். ஆனால் தடம் பார்க்கும் கண் இன்னும் அவரிடம் இருக்கிறது. “கானாத்துல எறங்காதீங்க, கல்லு உருளும், பாசி வழுக்கும். சுத்தினாலும் மேட்டு முதுகைப் புடிச்சு எறங்குங்க” என்றார். மேலே ஏறும்போதே இறங்கும் வழியில் முள்ளை வெட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதும் அவர் சொன்னதே.

மருத்துவர் சொன்னதையும் பெரியவர் சொன்னதையும் சேர்த்து முறையை மாற்றினோம். முதலில் ஈரத்துணியால் கண்ணை மூடுகிறோம். கண் மறைந்தாலே மான் பாதி அடங்கிவிடுகிறது. யாரும் பேசுவதில்லை, போனில் படம் எடுப்பதில்லை. வாயில் தண்ணீர் ஊற்றுவதில்லை. கோணியைத் தைத்த தூளியில் நெஞ்சு கீழே படும்படி, கால்களை மடக்கி உட்கார வைக்கிறோம். பக்கவாட்டில் நெடுநேரம் கிடந்தால் வயிறு உப்பும். இறக்கத்தில் தலைப்பக்கம் எப்போதும் மேட்டைப் பார்த்திருக்க வேண்டும். நான்கு பேர் தூக்க, இருவர் தோள் மாற்ற, ஒருவர் முன்னே வழி சொல்ல, ஒருவர் பின்னே தாம்புக் கயிற்றைப் பிடித்து வர, எட்டு பேர் இல்லாமல் கிளம்புவதில்லை. வளர்ந்த கடா 70 முதல் 90 கிலோ வரை இருக்கும். பெட்டை 40 முதல் 60 கிலோ. நெல் மூட்டை அசையாது, மான் உதைக்கும். தூக்கிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

ஐப்பசி மழையில் கிணற்றில் விழுந்த ஒரு கடாவை இந்த முறையில்தான் ஏற்றினோம். கொம்புக்குப் பழைய டியூபைச் சுற்றிக் கட்டினோம். வனக்காப்பாளர் உடன் இருந்தார். மருத்துவர் பார்த்து அனுமதித்த பிறகு காட்டோரத்தில் கட்டை அவிழ்த்தோம். சற்று நேரம் எழாமல் உட்கார்ந்திருந்தது. பிறகு எழுந்து, திரும்பிப் பார்க்காமல் புதருக்குள் போனது. அன்று தோள் கொடுத்த எட்டு பேரையும் இந்த அவை பாராட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இறந்த மானைப் பற்றியும் ஒரு வார்த்தை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி அதுவும் அரசுடைமை. வனத்துறைக்குச் சொல்லாமல் யாரும் தொடக் கூடாது. காலில் சுருக்குக் கம்பித் தடம் இருந்தால் அது குற்றத்தின் சாட்சி. கழுவியோ நகர்த்தியோ அதை அழித்துவிடாதீர்கள். பிரேதப் பரிசோதனைக்கு அவர்கள் கேட்கும்போது மட்டும் நாம் இறக்கிக் கொடுக்கிறோம்.

வரும் ஆண்டுக்கு இரண்டு கான்வாஸ் தூளிகளும், நைந்துபோன தாம்புக் கயிறுகளுக்கு மாற்றும் வாங்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பங்குனிக்குள் மலையடி ஊர்களில் உள்ள மொட்டைக் கிணறுகளைக் கணக்கெடுத்து, சுவர் கட்டும் வரை முள்வேலியாவது போட நிலக்காரர்களிடம் பேச வேண்டும். அந்த வேலைக்கு வரும் இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். முதல் நடை அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு, அமிர்தி சாலையிலிருந்து.

இப்படிக்கு,
செயலாளர்