ஆளில்லாத 108 மணி நேரம்

அலுவலகக் கட்டடங்களின் உரிமையாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். கரன்ட் பில் ஏறும்போதெல்லாம் புது சில்லர் (ஏசிக்குக் குளிர்நீர் தரும் இயந்திரம்) வாங்கலாமா, மாடியில் சோலார் போடலாமா என்றுதான் உங்கள் கூட்டங்களில் பேச்சு ஓடுகிறது. இரண்டும் நல்லவைதான். அதற்கு முன், காசு செலவில்லாத ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மீட்டரில் அரை மணிக்கு ஒருமுறை பதிவாகும் கணக்கை எடுத்து, ஒரு வாரத்துக்கு வரைபடமாகப் போட்டுப் பாருங்கள்.

வாரத்துக்கு 168 மணி நேரம். தினம் 12 மணி வீதம் ஐந்து நாள் இயங்கும் அலுவலகத்தில் ஆள் இருப்பது 60 மணி; மீதி 108 மணி காலி. அந்த நேரத்தில் கோடு தரையை ஒட்டிக் கிடக்க வேண்டும். பகலில் ஓடுவதில் பாதி அளவுக்கு நின்றால், சர்வர் அறைக்கும் அவசர விளக்குகளுக்கும் போக மிச்சம் எங்கே போகிறது என்று கேளுங்கள். பல இடங்களில் நான் கண்ட பதில் சப்பென்றிருக்கும்: என்றோ ஓர் இரவு வேலைக்காக ஏசியை டைமரிலிருந்து ‘மேனுவலுக்கு’ மாற்றியிருப்பார்கள். திருப்பி வைக்க யாருக்கும் நினைவில்லை.

பராமரிப்பு ஊழியரைக் குறை சொல்லாதீர்கள். அறை புழுங்கினால் அவருக்கு உடனே திட்டு விழுகிறது. இரவெல்லாம் ஏசியின் காற்றாடி வீணாகச் சுற்றினால் ஒருவரும் கேட்பதில்லை. அவர் எதை அணைக்கத் துணிவார்?

அந்தக் காற்றாடிகளையே எடுத்துக்கொள்வோம். அவை இழுக்கும் மின்சாரம் வேகத்தின் முப்படியைப் பொறுத்தது. வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் (0.8 × 0.8 × 0.8) தேவை கிட்டத்தட்ட 51 சதவீதம்தான். டக்டில் (காற்று போகும் குழாயில்) குறிப்பிட்ட அழுத்தம் வேண்டிய இடங்களில் இந்தச் சேமிப்பு சற்றுக் குறையும். இதற்காகவே வாங்கிய, மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. கருவியை 100 சதவீதத்தில் பூட்டி வைத்திருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

இன்னொன்று, ஒரே தளத்தில் ஒரு பக்கம் குளிரூட்டலும் மறுபக்கம் ஹீட்டரும் ஓடுவது. இரண்டின் செட்பாயின்ட்டுகளுக்கும் (நாம் குறித்து வைக்கும் வெப்பநிலைகளுக்கும்) நடுவே சில டிகிரி இடைவெளி விட்டாலே இந்த மல்லுக்கட்டு பெரும்பாலும் அடங்கிவிடும்.

கேட்பது இதுதான்: ஒருவரை நியமியுங்கள். அணைக்கும் அதிகாரத்தையும் அந்த வரைபடத்தையும் அவர் கையில் கொடுங்கள். வருகிற ஞாயிறு இரவு அவரோடு நீங்களும் ஒருமுறை தளம் தளமாக நடந்து வாருங்கள்.

இப்படிக்கு,
கட்டடங்களில் மின் தணிக்கை செய்யும் ஒருவன்