லொரெட்டா ஃபோர்டின் பணி தற்காலிக ஏற்பாடு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவிலியர் பணி குறித்து அண்மையில் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, கூடுதல் பயிற்சி பெற்ற செவிலியரே நோயாளியைப் பரிசோதித்து முடிவெடுக்கும் அமெரிக்காவின் 'நர்ஸ் பிராக்டிஷனர்' முறையை, மருத்துவர் கிடைக்காத ஊர்களுக்காகச் செய்துகொண்ட தற்காலிக ஏற்பாடு என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டது. அம்முறையைத் தோற்றுவித்த இருவருள் ஒருவரும், 2025 ஜனவரியில் தம் 104-ஆம் வயதில் காலமானவருமான செவிலியப் பேராசிரியர் லொரெட்டா ஃபோர்டு பல ஆண்டுகளாக மறுத்துவந்த கருத்து அது. செவிலியர் கல்லூரியில் சமூக நலச் செவிலியம் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அவர் தரப்பைச் சொல்ல விரும்புகிறேன்.

நியூயார்க்கில் 1920-இல் பிறந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க இராணுவ விமானப் படையில் செவிலியராக இருந்த ஃபோர்டு, பின்னர் கொலராடோ மாநிலத்தின் போல்டர் பகுதியில் பொது சுகாதார செவிலியரானார். ஒரு குழந்தையின் எடையை மட்டுமல்லாமல், அதன் தாய் சாப்பிட்டாளா, வீட்டில் வருமானம் உண்டா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்தே பார்ப்பது அந்தப் பணியின் இயல்பு. ஆனால் பார்த்ததை வைத்து முடிவெடுக்கும் பயிற்சியும் அதிகாரமும் செவிலியருக்கு இல்லை. ஊரில் மருத்துவர் இல்லாவிட்டால் அந்தக் குழந்தையைப் பற்றி முடிவெடுக்க யாருமே இல்லை.

இந்த இடைவெளியைத்தான், கொலராடோ பல்கலைக்கழகத்தில் குழந்தை நல மருத்துவர் ஹென்றி சில்வருடன் இணைந்து 1965-இல் அவர் தொடங்கிய பயிற்சித் திட்டம் குறிவைத்தது. குழந்தையின் உடல்நிலை வரலாற்றைக் கேட்டறிவது, முழு உடற்பரிசோதனை செய்வது, வளர்ச்சிப் படிகளை மதிப்பிடுவது, எந்தக் குழந்தையை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் எனத் தீர்மானிப்பது ஆகியவற்றில் செவிலியர்கள் பயிற்சி பெற்றனர். மருத்துவர்கள் சிலர் எதிர்த்ததில் வியப்பில்லை. செவிலியப் பேராசிரியர்களே, 'செவிலியரை அரை மருத்துவர் ஆக்குகிறார்' என்று கடிந்துகொண்டதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது (எங்கள் துறையில் இந்தப் பழக்கம் எந்த நாட்டிலும் மாறவில்லை போலும்). புதிதாக எதையும் இரவல் வாங்கவில்லை, பொது சுகாதார செவிலியர் செய்துவந்ததையே முறைப்படி வளர்த்தெடுத்தோம் என்பதே ஃபோர்டின் நிலைப்பாடு. மருத்துவர் பற்றாக்குறை அதற்கு வாய்ப்பைத் தந்ததே தவிர, அடிப்படை நோக்கம் அதுவல்ல.

1972-இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகச் செவிலியப் பள்ளியின் முதல் தலைவராகப் பொறுப்பேற்ற பின்னும், கற்பிப்பவர் நோயாளியை விட்டு விலகிவிடக் கூடாது என்று கல்வியையும் பணியையும் ஆய்வையும் ஒன்றாக இணைத்தார். இன்று அமெரிக்காவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட நர்ஸ் பிராக்டிஷனர்கள் உள்ளனர். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அவர்கள் மருத்துவரின் மேற்பார்வையின்றியே பணியாற்றச் சட்டம் இடமளிக்கிறது. அறுபது ஆண்டுகள் நிலைத்த ஒன்றைத் தற்காலிக ஏற்பாடு என எப்படி அழைப்பது?

'நர்ஸ் பிராக்டிஷனர்' என்ற இதே பெயரில் இந்திய செவிலியர் குழுமம் கொண்டுவந்த இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு ஒன்று தீவிர சிகிச்சைப் பிரிவுக்கானது என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஃபோர்டு தொடங்கியதோ, தடுப்பூசிக்காகக் குழந்தையைத் தூக்கிவரும் தாயிடமிருந்து. நம் கிராம சுகாதார செவிலியர்களும் அன்றாடம் சந்திப்பது அதே தாயைத்தான். அவர்களுக்கு எவ்வளவு பயிற்சி, எவ்வளவு அதிகாரம் தரலாம் என்பது குறித்துத் தங்கள் நாளிதழ் தனிக் கட்டுரை வெளியிடுமாயின் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கல்லூரி ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி