செயலாளர் ஆண்டறிக்கை: சீட் கவருக்கு அடியில் கிடக்கும் பெல்ட்

தலைவர் அவர்களுக்கும், நம் வாடகைக் கார் ஸ்டாண்டின் மூத்த அண்ணன்மார்களுக்கும், தம்பிகளுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். சந்தா பாக்கிக்காரர்கள் பெயரை நான் படிக்கப்போவதில்லை, அவர்களுக்கே தெரியும்.

இந்த ஆண்டு செயற்குழு அதிகம் பேசியது பின்சீட் பெல்ட்டைப் பற்றித்தான். ஆடி அமாவாசை நெரிசலில் நம் உறுப்பினர் ஒருவரின் கார், உச்சிப்புளிக்கு முன்னால், ஓரத்தில் நின்ற மீன் வண்டியின் பின்னால் மோதியது. கருவேலங்காட்டிலிருந்து ஓடி வந்த ஆட்டுக்கு ஒதுங்கியதுதான் காரணம். ஏர்பேக் விரிந்தது, பெல்ட்டும் போட்டிருந்தார். நம் ஆளுக்குக் கையில் சிராய்ப்போடு போயிற்று. பின்னால் நடுவில் இருந்த அம்மா முன்சீட்டுகளுக்கு இடையில் வந்து விழுந்து தோள்பட்டை முறிந்தது.

மறுநாள் வண்டியைப் போய்ப் பார்த்தோம். ரெக்சின் கவரைத் தூக்கினால் அடியில் பெல்ட்டை மாட்டும் மூன்று பக்கிளும் புத்தம் புதிதாகக் கிடந்தன. ஒன்றில் கம்பெனி சுற்றிய பிளாஸ்டிக்கூடப் பிரிக்கப்படவில்லை.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்துணியோடு வந்து ஏறுகிறார்கள். கவர் போடாவிட்டால் சீட் ஒரே சீசனில் நாறிவிடும். அதனால் கவர், கவருக்கு அடியில் பெல்ட். எஃப்.சி. எனும் வண்டித் தகுதிச் சான்றுக்குப் போகிற அன்று மட்டும் வெளியே எடுப்போம், திரும்பி வந்ததும் உள்ளே தள்ளுவோம். என் வண்டியிலும் போன மாதம் வரை அப்படித்தான்.

2014-ல், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு ஸ்டார் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு நம் நாட்டுக் கார்களை மோதிப் பார்த்தபோது ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, ஏர்பேக் இல்லாத போலோ எல்லாமே பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ய ஸ்டார் வாங்கின. அதற்குப் பிறகு நிறைய மாறிவிட்டது. 2019 ஜூலையிலிருந்து டிரைவர் ஏர்பேக்கும், பெல்ட் போடாவிட்டால் கத்துகிற பீப்பும் கட்டாயம். 2023 அக்டோபரில் நம் நாட்டுக்கே உரிய மோதல் சோதனையாகப் பாரத் என்கேப் வந்தது. இப்போது தம்பிமார் புது வண்டி எடுத்தால் முதலில் சொல்வதே "அஞ்சு ஸ்டாருண்ணே" என்பதுதான். சரி. ஆனால் 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிடும்போது உள்ளே இருக்கும் பொம்மைகளுக்குப் பெல்ட் போட்டுத்தான் உட்காரவைக்கிறார்கள். நாம் பெல்ட்டை மறைத்துவிட்டு ஸ்டாரை மட்டும் பயணிக்குக் காட்டுகிறோம்.

மத்திய அரசுக் கணக்குப்படி 2022-ல் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் 8,331 பேர் ஓட்டியவர்கள் அல்லர், கூட வந்தவர்கள்.

அப்புறம் அந்தக் கிளிப். பீப் சத்தத்தை நிறுத்தப் பக்கிளில் செருகுகிற வெறும் இரும்பு நாக்கு. 2023-ல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லி இணையக் கடைகளிலிருந்து 13,118 விற்பனைப் பதிவுகளை எடுக்கவைத்தார்கள். நம் ஸ்டாண்டில் ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்து, கிளிப்பைக் கழற்றி அதில் போடச் சொன்னோம். பதினொன்று விழுந்தன. ஒன்று சிங்கத் தலை போட்டது. போட்டவர் யாரென்று கேட்கவில்லை.

முன்பம்பரில் இரும்புக் குழாய் மாட்டியிருப்பவர்கள் கழற்றிவிடவும். 2017-லேயே தடை வந்துவிட்டது. மோதலின் வேகம் சென்சாருக்குச் சரியாகப் போய்ச் சேராமல் ஏர்பேக் ஏமாற்றிவிடும். தனுஷ்கோடி அரிச்சல்முனை ரோட்டில் மணல் ஏறிக் கிடக்கும் நாட்களில், பிரேக் அடிக்கையில் சக்கரம் இறுகி நின்றுவிடாமல் காக்கும் ஏபிஎஸ்ஸை நம்பி விரட்ட வேண்டாம். உதிரி மணலில் ஏபிஎஸ் இருந்தாலும் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும்.

பாம்பன் பாலத்தில் செல்ஃபிக்காக நிறுத்தச் சொல்லும் சவாரிகளிடம் முடியாது என்று சொல்வதாக முடிவெடுத்தோம். இதில் பாதிப் பேர் தேறவில்லை, நானும் ஒருமுறை நிறுத்தினேன்.

கடைசியாக, மண்டபத்துத் தையல்காரர் ஒருவர் ரெக்சின் கவரில் பக்கிள் அளவுக்கு மூன்று வாய் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்துத் தருகிறார். தண்ணீர் உள்ளே இறங்குவதில்லை, என் வண்டியில் பார்க்கலாம். கூலியில் பாதியைச் சங்கம் தரும். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியோடு வரவும், சந்தா ரசீதையும் எடுத்து வரவும்.