தண்ணீரின் எல்லையை முதலில் வரையுங்கள்: கடலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

கடலூரின் முழுமைத் திட்டத்தை வகுக்கும் பொறுப்பில் இருக்கும் நகர் ஊரமைப்பு அலுவலர்களுக்கும், மாநகராட்சி மாமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

முப்பத்தோரு ஆண்டுகள் நில அளவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எல்லை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு நம் ஊர்க் கதைதான் நினைவுக்கு வரும். 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை அவர்களுக்குச் சொந்தம் என்று பேச்சு. பல திசைகளிலும் சுட்டார்கள். குண்டு எட்டிய ஊர்களெல்லாம் கைமாறின. குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்ற பெயர்களுக்கு இன்றைக்கும் நம் ஊரில் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள்.

அந்த எல்லைக்குள் கெடிலம் ஆறு எப்படி ஓடுகிறது, தென்பெண்ணை என்னும் பெண்ணையாறு எங்கே கரை புரளும் என்று அன்றைக்கு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதற்கு அடுத்த நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிடப்பட்ட தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி வந்தது. குண்டு உப்பலவாடிக்குள்ளும் புகுந்தது, அக்கரையில் பாகூர்ப் பக்கத்துப் புதுச்சேரி கிராமங்களுக்குள்ளும் புகுந்தது. மாநகராட்சி எல்லைக் கல்லையோ மாநில எல்லைக் கல்லையோ அது கேட்டுக்கொண்டு வரவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. சாலை, மனைப்பிரிவு, பேருந்து நிலையம், மழைநீர் வடிகால் எதுவானாலும் அதற்கான கோடு விழும் முன், தண்ணீர் போகும் வழியை ஒரே வரைபடத்தில் வரைந்து, எல்லாத் துறைகளும் அதை மேசையில் விரித்துவைத்து வேலை செய்ய வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வாய்க்கால்கள் காணாமல் போகும் விதத்தை அருகில் இருந்து பார்த்தவன் நான். நிலத்தை அளந்து வரைந்த பழைய புலப்படத்தை விரித்தால் வயல்களுக்கு நடுவே மெல்லிய இரட்டைக் கோடு ஓடும். வாய்க்கால் புறம்போக்கு, அதற்கென்று தனி உட்பிரிவு எண். வயல் மனையாகும்போது, ‘பாய்ச்சலே இல்லையே, இனி இந்த வாய்க்கால் எதற்கு?’ என்ற கேள்வி எழும். கேட்பவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தையிலும் மாசியிலும் வந்து பார்த்தால் அது வெறும் காய்ந்த பள்ளம்தான். ஆனால் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்த அதே வாய்க்கால்தான் ஐப்பசி, கார்த்திகையில் மேட்டு வெள்ளத்தை ஆற்றுக்குக் கொண்டு சேர்த்தது. மனைப்பிரிவில் அதன்மேல் முப்பது அடிச் சாலை வரும், சாலைக்கு அடியில் ஒரு சிமென்ட் குழாய் வரும். காகிதத்தில் வாய்க்கால் இருக்கும், தண்ணீருக்கு இடம் இருக்காது.

என் தெருவையே சொல்கிறேன். நான் வீடு கட்டியபோது வாசலுக்கு மூன்று படி ஏற வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் ஒவ்வொரு முறையும் அதன்மேலேயே புதுத் தார் போட்டதில், இன்று தெருவிலிருந்து ஒரு படி இறங்கித்தான் வீட்டுக்குள் போகிறேன். போன ஆண்டு தெருவோரம் வடிகால் கட்டினார்கள். எதிர்வீட்டுக் கொத்தனார் தம்பி ஒரு மாலை வேளையில் மேடு பள்ளம் பார்க்கும் தண்ணீர் மட்டக் குழாயை எடுத்து வந்தார். ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை அவர் தெருக்கோடிக்குக் கொண்டுபோனார். தெருத் தண்ணீர் வந்து சேரும் பள்ளத்தைவிட வடிகாலின் வாய் நான்கு விரல் உயரத்தில் இருந்தது. இருவரும் குழாயில் நின்ற நீரையே பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த வடிகாலைக் கட்டியவர்கள் உழைக்காமல் இல்லை, கம்பியும் கான்கிரீட்டும் நன்றாகவே இருக்கின்றன. சாலை போட்டவர் கையில் ஒரு மட்டம், வடிகால் கட்டியவர் கையில் வேறொரு மட்டம்.

கடலூரைத் தமிழகத்தின் வடிகால் மாவட்டம் என்பார்கள். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை இங்கேதான் கடலில் கலக்கிறது. கெடிலம் நகரை ஊடறுத்து ஓடுகிறது. நெய்வேலிச் சுரங்க நீரையும் சேர்த்துக்கொண்டு வரும் பரவனாறும் நம் கடற்கரைக்குத்தான் வருகிறது. இப்படிப்பட்ட ஊருக்குத் திட்டம் வகுப்பவர்கள் மாநகராட்சி எல்லையோடு நின்றுவிட முடியாது. 1992இல் வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்றை அமைத்து, நகராட்சிகளும் ஊராட்சிகளும் சேர்ந்து பார்க்க வேண்டியவற்றில் நிலத் திட்டமிடலையும் நீர்ப் பங்கீட்டையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். அந்தக் குழுவில் இந்த வரைபடத்தை வையுங்கள். தென்பெண்ணையின் வடகரைக்காகப் புதுச்சேரி அதிகாரிகளையும் அழைத்துப் பேசுங்கள்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் ஒரே காலைப் பொழுதில் நம் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. அன்று போன நிழல் பல தெருக்களுக்கு இன்னும் திரும்பவில்லை. நடந்தே போகக்கூடிய தூரத்துக்கும் வண்டி எடுக்கிறோம் என்றால் சோம்பல் மட்டும் காரணமில்லை, சித்திரை வெயிலில் நடக்க முடியவில்லை. மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள் மின்கம்பத்தின் நிழலில் ஒருவர் பின் ஒருவராக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் வரைபடத்தில் மீட்கப்படும் ஒவ்வொரு வாய்க்கால் கரையும் மரம் வைக்கவும் நடைபாதை போடவும் கிடைக்கும் இடம். ஒரே செலவில் வெள்ளமும் வடியும், நிழலும் கிடைக்கும், பஸ் நிறுத்தம் வரை நடந்தும் போகலாம். மூன்று துறைகள் மூன்று ஒப்பந்தப்புள்ளி கோரினால் இது நடக்காது.

தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குச் சுருளிக் கிழங்கு வாங்கப் பெண்ணையாற்று மணலில் இறங்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆறு எவ்வளவு அகலம் என்று நம் பிள்ளைகள் காலால் அளந்து தெரிந்துகொள்ளும் நாள் அது. அந்த அகலத்தை உங்கள் வரைபடத்தில் ஓர் அடிகூடக் குறைக்காதீர்கள்.

வரும் ஐப்பசிக்கு முன் உங்கள் பொறியாளர்களோடு ஒரு நாள் காலையில் வாருங்கள். ஏதாவது ஒரு வாய்க்காலை அதன் தலைமாட்டிலிருந்து கெடிலம் வரை நடந்து பார்ப்போம். புலப்பட நகல்களை நான் எடுத்து வருகிறேன். கொத்தனார் தம்பி மட்டக் குழாயோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.